தட்டுக்கும் பறவைக்கும் ஒரே துவக்கு

எறிபொறி இலக்காக வானில் எறியும் சிறு தட்டுகளைச் சுடுவதற்கென்று செய்யப்பட்ட, குழல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த மேல்-கீழ்க் குழல் துவக்கொன்றையும் (துப்பாக்கி) பறவை வேட்டைக்கென்று செய்யப்பட்ட இன்னொன்றையும் ஒரு மேசையில் அருகருகே வைத்தால், பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கையில் தூக்கினால்தான் வேறுபாடு புரியும். தட்டுத் துவக்கு கனமானது, நீளமானது. ஒரு பொழுதுக்குள் நூறு தோட்டாக்களுக்கு மேல் சுட்டாலும் தோள் நோகாதிருக்கவும், வீசத் தொடங்கிய குழல் நடுவில் தயங்கி நிற்காதிருக்கவும் அந்தக் கனம் வேண்டும். வேட்டைத் துவக்கோ இலேசானது. காலையிலிருந்து மாலை வரை அதைச் சுமந்து காட்டில் நடப்பவர் நாலைந்து முறை சுட்டால் அதுவே நல்ல நாள். ஒரு முறையும் சுடாமல் திரும்பும் நாள்களும் உண்டு. இந்த இரண்டு தேவைகளையும் ஒரே துவக்கு நிறைவேற்றுமா என்று கனடாவின் ஸ்காபரோவில் வாழும் என் தங்கை மகன் கேட்டிருந்தான். பாதுகாப்புப் பயிற்சியும் வேட்டைப் பயிற்சியும் முடித்து உரிமம் பெற்றுவிட்டான்; வார இறுதிகளில் தட்டுச் சுடவும், இலையுதிர் காலத்தில் நண்பர்களோடு வேட்டைக்குப் போகவும் எண்ணியிருக்கிறான். இரண்டு துவக்கு வாங்க அவனிடம் பணமில்லை. புலம்பெயர்ந்த நம்மவர்களின் பிள்ளைகள் பலர் இப்போது இந்த விளையாட்டுக்குள் வருகிறார்கள் என்பதால், அவனுக்குச் சொன்னதை விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தில் வேலை செய்த காலத்தில் தட்டுச் சுடும் மைதானமொன்றில் உறுப்பினராக இருந்தேன். குளிர்காலங்களில் நண்பர்களோடு பறவை வேட்டைக்கும் போயிருக்கிறேன். ஓய்வு பெற்றுச் சாவகச்சேரிக்குத் திரும்பிய பின் என்னிடம் துவக்கு எதுவும் இல்லை; வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. இலங்கையில் துவக்கு உரிமத்தைப் பாதுகாப்பு அமைச்சு வழங்குகிறது, ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். பயிரைக் காக்க வேண்டிய கமக்காரருக்கே அது பெரும்பாலும் கிடைக்கிறது. என் தகப்பனாரிடம் அவ்வாறான உரிமத்தோடு குழல்கள் பக்கம் பக்கமாக அமைந்த பழைய துவக்கொன்று இருந்தது. எங்கள் கடனீரேரிக்கு மாரிகாலத்தில் வரும் பறவைகளைச் சுடுவதைப் பற்றி நான் எழுதவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சுண்டிக்குளம் 1938-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015-இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம். அங்கே வந்திறங்கும் பூநாரைகளையும் தாராக்களையும் தொலைநோக்கியால் பார்ப்பதே நமக்குரியது. வேட்டை பற்றிக் கீழே வருவதெல்லாம், பருவமும் எண்ணிக்கையும் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குரியது.

குழல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த துவக்கை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்குக் காரணங்கள் எளியவை. கண்ணுக்கு முன்னால் ஒற்றைக் குழலின் அகலம் மட்டுமே தெரிவதால் இலக்கின் கீழ்ப்பகுதி குறைவாக மறைகிறது. கீழ்க்குழல் வழக்கமாக முதலில் வெடிக்கிறது. அது கையின் பிடிக்கும் தோளுக்கும் நேராகத் தாழ்வாக இருப்பதால், துவக்கின் முனை மேலே துள்ளுவது குறைந்து, இரண்டாவது வெடிக்குக் கண் விரைவில் திரும்பிவிடுகிறது. இரண்டு குழல்களுக்கும் வெவ்வேறு சோக், அதாவது குழல்முனை ஒடுக்கம், வைக்கலாம். இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது பாதுகாப்பை. நடுவில் மடித்துத் திறந்த துவக்கில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது பக்கத்தில் நிற்பவர் எல்லோருக்கும் தெரியும்; தானியங்கித் துவக்கில் அப்படித் தெரிவதில்லை. கனடாவில் புலம்பெயர் பறவைகளைச் சுடும்போது துவக்குக்குள் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியும் இரண்டே தோட்டா கொள்ளும் இந்த வகைக்கு ஒரு சிக்கலையும் தருவதில்லை.

இந்த அமைப்பு இலண்டன் கைவினைஞர்களிடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முதிர்ச்சி அடைந்துவிட்டது. பொஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற மேல்-கீழ்க் குழல் துவக்கு 1909-இல் வந்தது. ஆனால் அதை வாங்கச் செல்வந்தராக இருக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் செய்யக்கூடிய வடிவமொன்றை அமெரிக்கத் துவக்கு வடிவமைப்பாளர் ஜோன் பிரவுனிங் வரைந்தார். அவர் 1926-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கருகே தொழிற்சாலையிலேயே இறந்த பிறகு, மகன் வால் பிரவுனிங் வேலையைத் தொடர, 1931-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று கடைகளில் நாம் பார்க்கும் பிரவுனிங் சிட்டோரி அந்த வடிவத்தின் நேரடி வாரிசு. 1973 முதல் ஜப்பானின் மிரோக்கு தொழிற்சாலையில் செய்யப்படுகிறது.

வாங்கப் போகிறவர் வரலாற்றையும் வேலைப்பாட்டையும் பெயரையும் பார்ப்பதற்கு முன்னர் தம் உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரைபிளுக்கு முன்னும் பின்னும் குறி உண்டு. சன்னம் எனும் சிறு குண்டுகள் சிதறும் துவக்குக்குப் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்ணே பின்குறி. தோளில் வைக்கும் பின்புற மரக்கட்டையில் கன்னம் எங்கே படிகிறதோ அங்கேதான் கண் நிற்கும், கண் நிற்கும் இடத்தைப் பொறுத்தே சன்னம் போகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணுக்கும் குழல்முனைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீற்றர் என்று கொண்டால், கட்டையின் மேல்விளிம்பு தேவைக்கு 3 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தாலே 35 மீற்றர் தூரத்தில் சன்னக்கூட்டம் 10 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்து போகும். தட்டின் விட்டம் வெறும் 11 சென்ரிமீற்றர். கட்டை பொருந்தாத துவக்கோடு ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்பவர், தவறான இடத்தில் சுடுவதற்கே தம்மைப் பழக்கிக்கொள்கிறார்.

பார்க்க வேண்டிய அளவுகளில் முதலாவது விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம். கடைத் துவக்குகளில் இது பெரும்பாலும் 37 சென்ரிமீற்றரை ஒட்டியிருக்கும். நம்மவர்களில் நடுத்தர உயரமுள்ள பலருக்கு அது சற்று அதிகம் என்பது என் அனுபவம். நீளம் கூடினால் தூக்கும்போது கட்டை அக்குளில் சிக்கும்; குறைந்தால் பின்னுதைப்பில் பெருவிரல் மூக்கில் இடிக்கும். கனடாவில் வேட்டைக்காலத்துத் தடித்த மேலங்கி இன்னும் ஒரு சென்ரிமீற்றரைத் தின்றுவிடும் என்பதால், கோடையில் மெல்லிய சட்டையோடு அளந்து முடிவெடுப்பது போதாது. இரண்டாவது, மேல்குழலின் மீது நீளவாக்கில் ஓடும் பட்டியின் நேர்கோட்டிலிருந்து கட்டை எவ்வளவு தாழ்கிறது என்பது. கன்னம் படும் இடத்தில் ஏறத்தாழ 38 மில்லிமீற்றரும், பின்முனையில் 60 மில்லிமீற்றரை ஒட்டியும் இருப்பது பொதுவான அளவு. மூன்றாவது, கட்டை பக்கவாட்டில் வளைந்திருக்கும் அளவு. வலக்கைக்காரருக்கு அது சிறிதளவு வலப்புறம் விலகியிருக்க வேண்டும். இடக்கைக்காரர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

மருமகன் ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தபோது விறாந்தையில் வைத்து அவனுடைய கண்ணைச் சோதித்தேன். இரண்டு கண்களையும் திறந்தபடி, வேலிக்கு அப்பால் நிற்கும் பனையின் வட்டை நோக்கி விரலை நீட்டச் சொன்னேன். பிறகு இடக்கண்ணை மூடச் சொன்னேன். விரல் பனையை விட்டு வெளியே நகர்ந்துவிட்டது. வலக்கண்ணை மூடியபோது விரல் அசையவில்லை. அதாவது, வலக்கைக்காரனான அவனுக்கு இடக்கண்ணே தலைமைக் கண். இது அரிய குறைபாடு அன்று, பலருக்கு உண்டு. ஆனால் இதை அறியாமல் வலத்தோளில் துவக்கை வைத்து இரு கண்ணாலும் பார்த்தால், இடக்கண் காட்டும் கோட்டில் குழல் போய், சன்னம் இலக்கின் இடப்புறமாக விலகும். தொடக்கத்திலேயே இடத்தோளிலிருந்து சுடப் பழகுவது ஒரு வழி. பாதுகாப்புக் கண்ணாடியின் இடப்பக்க வில்லையில், குழல்முனையை மறைக்குமளவு சிறிய துண்டு ஒளிகசியும் நாடாவை ஒட்டுவது இன்னொரு வழி. அவன் இளைஞன், இன்னும் பழக்கம் எதுவும் ஊறவில்லை என்பதால் இடத்தோளுக்கு மாறச் சொன்னேன். அப்படியானால் வலக்கைக்காரருக்காக வளைத்த கட்டை அவனுக்கு உதவாது. ஒரு மாலைப் பொழுதின் சோதனை அவன் பார்த்து வைத்திருந்த துவக்குகளில் பாதிக்கு மேல் நீக்கிவிட்டது.

பொருத்தத்துக்கு அடுத்தபடியாகக் கனம். தட்டு மைதானத்துக்கென்றே செய்யப்படுபவை 3.5 கிலோவிலிருந்து 4 கிலோ வரை இருக்கும். 12 போர் (போர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு) வேட்டைத் துவக்குகள் 3 கிலோவிலிருந்து 3.3 கிலோ வரை. குழல்கள் பூட்டப்படும் நடுப்பகுதியாகிய உடலை அலுமினியக் கலவையில் செய்தவை 2.7 கிலோவுக்கும் இறங்கும். கடையில் தூக்கிப் பார்க்கும்போது இலேசானது எல்லோரையும் மயக்கும். ஒரே தோட்டாவைச் சுடும்போது பின்னுதைப்பின் ஆற்றல் துவக்கின் எடைக்கு நேர்மாறாக அமைகிறது, 3.5 கிலோத் துவக்கைவிட 2.8 கிலோத் துவக்கு கால் பங்கு கூடுதலாக உதைக்கும். வேட்டையில் நாலு வெடிக்கு அது பொருட்டல்ல. தட்டில் நூறாவது வெடிக்கு முன்னரே உடல் அஞ்சத் தொடங்கி, விசையை இழுக்கும் நொடியில் கண் மூடும். கண் மூடும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்றுவது மிகக் கடினம்.

கனத்துக்கு இன்னொரு பணியும் உண்டு. 30 மீற்றர் தூரத்தில் குறுக்கே, நொடிக்கு 20 மீற்றர் வேகத்தில் போகும் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சன்னம் அங்கே போய்ச்சேர ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் தட்டு 2 மீற்றர் நகர்ந்துவிடும். எனவே வெறுமையான காற்றை நோக்கிச் சுட வேண்டும், சுட்ட பின்னும் குழல் நிற்காமல் ஓட வேண்டும். 30 அங்குலக் குழலும் முன்னோக்கிய கனமும் இந்த ஓட்டத்தைத் தாமாகவே காக்கின்றன. 26 அங்குலக் குழல் காட்டுக்குள் விரைவாகத் திரும்பும், ஆனால் விரைவாக நின்றும் விடும். தட்டுக்கும் பறவைக்கும் ஒன்றையே வாங்குபவருக்கு என் விடை இதுவே: 12 போர், 30 அங்குலக் குழல், ஏறத்தாழ 3.4 கிலோ. ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தோட்டாக்களை அவர் தட்டில்தான் சுடப்போகிறார். மீதிக்காகச் சுமக்கும் அரைக்கிலோவை நல்ல தோள்வார் தாங்கிக்கொள்ளும்.

20 போர் பற்றி நண்பர்கள் அவனிடம் ஆசை வார்த்தை சொல்லியிருந்தார்கள். அது அழகான துவக்குத்தான். போர் என்பது குழலின் உள்விட்டத்துக்கேற்ற ஈயக் குண்டுகள் ஓர் இறாத்தலுக்கு எத்தனை என்ற பழைய கணக்கு. எனவே எண் கூடக் குழல் ஒடுங்கும். 12 போரின் உள்விட்டம் 18.5 மில்லிமீற்றர், 20 போரினது 15.6. நடந்தே வேட்டையாடுபவருக்கு 20 போர் போதும். ஆனால் தட்டில் சன்னத்தின் எண்ணிக்கை வெற்றியைத் தருகிறது, தோட்டாவும் 12 போரிலேயே மலிவு. இரண்டு போர்த் தோட்டாக்களையும் ஒரே பையில் கலந்து வைத்திருப்பது உயிராபத்து. 20 போர்த் தோட்டா தவறுதலாக 12 போர்க் குழலில் விழுந்தால் உள்ளே சறுக்கித் தோட்டா அறைக்கு முன்னால் சிக்கி நிற்கும். வெறுமை என்று எண்ணி அதன் பின்னால் 12 போர்த் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். 20 போர்த் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகவே.

சோக் என்பது குழல்முனையில் உள்விட்டத்தைச் சிறிது ஒடுக்குவது. கால் சோக் என்றால் ஏறத்தாழ 0.25 மில்லிமீற்றர், அரைச் சோக் 0.5, முழுச் சோக் ஒரு மில்லிமீற்றரை ஒட்டி. 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சன்னங்களில் எத்தனை பங்கு விழுகிறது என்பதே மரபான அளவுகோல்: கால் சோக்குக்குப் பாதியளவு, அரைக்கு நூற்றுக்கு அறுபது, முழுவதற்கு எழுபது. இக்காலத் துவக்குகளில் சோக்குகள் திருகிக் கழற்றக்கூடிய குழாய்களாக வருகின்றன, அப்படிப்பட்டதையே வாங்க வேண்டும். குழாய்களை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கீழே கால், மேலே அரை என்று வைத்துவிட்டு, பெரிய தாள்களில் சுட்டு, தன் துவக்கு எந்தத் தூரத்தில் எப்படித் தூவுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தாள் வேலையைப் பலர் சோம்பலில் தவிர்க்கிறார்கள். வேட்டைக்குப் போகிறவருக்கு அது கடமை என்று நான் நினைக்கிறேன். தட்டில் ஓரம் உடைந்தாலும் ஒரு புள்ளி. பறவையில் ஓரத்தில் பட்டால் அது காயத்தோடு பறந்துபோய் எங்கோ கிடந்து சாகும். தாளில் வெற்றிடங்கள் தெரியத் தொடங்கும் தூரம் எதுவோ அதற்கு அப்பால் பறவையைச் சுடக்கூடாது. ஒன்ராறியோக் காட்டில் அவர்கள் தேடிப்போகும் ரஃப்ட் கிரவுஸ் என்ற காட்டுக்கோழி இனத்துப் பறவை அடர்ந்த புதருக்குள்ளிருந்து திடீரென்று எழும்பி மரங்களுக்கிடையே மறைவதால், 25 மீற்றருக்குள்தான் அதைச் சுட வாய்க்கும். கால் சோக் அதற்குப் போதும். தாராவும் வாத்தும் வேறு. கனடாவில் 1999 முதல் அவற்றுக்கு ஈயச் சன்னம் தடை. நீர்நிலையின் அடியில் கிடக்கும் ஈயத்தைப் பறவைகள் பருக்கைக் கல்லோடு விழுங்கி நஞ்சேறிச் சாவதே காரணம். உருக்குச் சன்னம் ஈயம்போல் நசுங்காது, எனவே அரைக்கு மேற்பட்ட சோக்கில் அதைச் சுடக்கூடாது. துவக்கும் உருக்குச் சன்னத்துக்குச் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். 76 மில்லிமீற்றர் நீளத் தோட்டா அறை இருந்தால் தாராவுக்கேற்ற கனமான தோட்டாவும் போடலாம்.

ஒலிம்பிக் ட்ராப் போட்டிக்கான துவக்கு வாங்கட்டுமா என்றும் அவன் கேட்டான். புதுக்கோட்டைத் தொண்டைமான் பரம்பரையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து அவனுக்கு அந்த ஆசை. தமிழ் மண்ணிலிருந்து ஒருவர் அந்த அரங்கில் நின்றது எனக்கும் பெருமிதமே. ஆனால் அந்த விளையாட்டின் இயல்பு வேறு. பதுங்குகுழிக்குள்ளிருக்கும் 15 எறிபொறிகளில் ஒன்றிலிருந்து தட்டு சுடுபவரை விட்டு விலகி மேலேறிச் சீறிப் போகும். எழும்பும் தட்டின் மேல் சன்னம் விழுவதற்காக, குறிக்குச் சற்று மேலே அடிக்குமாறு அந்தத் துவக்கின் கட்டையை உயர்த்திச் செய்கிறார்கள். தோளில் முன்கூட்டியே வைத்துக்கொண்டு தட்டை அழைப்பதால் அது கனமாக இருப்பதிலும் தவறில்லை. புதரிலிருந்து எழும்பும் பறவைக்கு அப்படி முன்கூட்டித் தோளில் வைத்துக் காத்திருக்க முடியாது. இடுப்பருகிலிருந்து தோளுக்குத் தடையின்றி வர வேண்டும். பார்க்கும் இடத்திலேயே சுட வேண்டும். ஸ்போர்ட்டிங் என்ற பிரிவுக்கான துவக்குகளே வேட்டைக்கு நெருங்கியவை, ஏனெனில் அந்த விளையாட்டே பறவைகளின் போக்கைப் பின்பற்றி அமைக்கப்பட்டது.

நிறுவனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலியின் கார்டோனே ஊரிலுள்ள பெரெட்டா 1526 முதல் குழல் செய்து வரும் குடும்பம். அவர்களுடைய சில்வர் பிஜன் வரிசையில் குழல்களைப் பூட்டும் அமைப்பு பக்கவாட்டில் இருப்பதால் உடல் தாழ்வானது, கைகளுக்கிடையே அடக்கமாக நிற்கும். பிரவுனிங்கில் பூட்டு குழல்களுக்கு அடியில். உடல் சற்று ஆழமானது, கனமும் உறுதியும் கூடியது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், எது முகத்துக்கு வருகிறதோ அது. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கை ஒட்டி உருவான பெராட்சி எம்எக்ஸ்8 போன்றவை போட்டியாளருக்குரியவை. தொடக்கக்காரர் அந்தப் பணத்தைத் தோட்டாவிலும் பயிற்சியாளரிலும் செலவிடலாம். துருக்கியின் கொன்யா பகுதியிலிருந்து வரும் மலிவானவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் சுடப்போகிறவர், அதே விலைக்கு நன்கு பராமரிக்கப்பட்ட பழைய பெரெட்டாவோ பிரவுனிங்கோ கிடைக்குமா என்று முதலில் தேட வேண்டும். உடலில் செதுக்கிய பூவேலைக்காக விலை கூடினால் அதற்குக் கொடுக்க வேண்டாம்.

சிறு விடயங்கள் சில. ஒற்றை விசையில் இரண்டு வகை உண்டு. முதல் வெடியின் உதைப்பால் இரண்டாவது குழலுக்கு மாறுவது ஒன்று, உதைப்பின்றியே மாறுவது மற்றொன்று. முதல் வகையில் முதல் தோட்டா வெடிக்காமல் போனால் இரண்டாவதும் போகாது. வேட்டைத் துவக்குகள் பலவற்றில் திறக்கும்போதெல்லாம் பாதுகாப்புப் பூட்டு தானாக விழும், தட்டுத் துவக்கில் பொதுவாக விழாது. இரண்டுக்கும் ஒன்றாக வாங்குபவர், வேட்டையின்போது பூட்டைப் போடுவதைக் கையின் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் விடயத்தில் அம்மாமாரின் வழக்கத்தைப் பின்பற்றக்கூடாது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். ஒன்ராறியோவின் குளிரில் விசையையே பிடித்துவிடும்.

பழைய துவக்கைப் பார்க்கப் போகும்போது முதலில் திறந்து, குழலில் தோட்டா இல்லை என்பதைத் தானே உறுதி செய்ய வேண்டும். மூடிய நிலையில், துவக்கைத் திறக்க உதவும் மேல்நெம்பு நடுக்கோட்டுக்கு வலப்புறம் நின்றால் பூட்டில் இன்னும் தேய்மான இடம் மீதியிருக்கிறது. நடுவைத் தாண்டி இடப்புறம் போயிருந்தால் செலவு காத்திருக்கிறது. குழல்களுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கைமரத்தைக் கழற்றிவிட்டு, குழல்களை உடலோடு ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. குழல்களைத் தனியே தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டும்போது மணிபோல் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் பட்டியோ குழல்களின் இணைப்போ எங்கோ விட்டிருக்கிறது. பிறகு வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்த்து, நெளிவும் துருக்குழியும் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். சோக் குழாய்கள் அவற்றுக்குரிய சாவியாலும் எளிதில் கழலாவிட்டால் அவை நெடுங்காலம் கழற்றப்படவில்லை என்று கருதலாம்.

மருமகன் இப்போது இடப்புறம் வளைத்த கட்டையோடு கூடிய 30 அங்குல ஸ்போர்ட்டிங் துவக்கொன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். விலையும் அவனுக்கு எட்டக்கூடியதே. கட்டை தனக்கு ஒரு சென்ரிமீற்றர் கூடுதல் நீளம் என்கிறான். நீளமானதை வெட்டிக் குறைக்கலாம், குட்டையானதற்கு மரம் ஒட்டினால் அழகும் சமநிலையும் கெடும், எனவே அதைத் தயங்காமல் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறேன். வாங்குவதற்கு முன்னர், விற்பவரின் அனுமதியோடு மைதானத்தில் ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பார்க்கவும், முதல் பத்தைத் தாளில் சுடவும், குளிர்கால மேலங்கியை மறக்காமல் கொண்டுபோகவும் சொல்லியிருக்கிறேன்.